இடம் மாறலாம், மதிப்பு மாறலாமா?



பருப்பு வரத்தும் எண்ணெய் விலையும் பேசுகிற நம் இதழில் இந்த முறை அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக் குழு ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் நினைக்கக்கூடும். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏனென்றால் அந்தக் குழுவின் பயிற்சியாளர் எதிர்கொண்ட பிரச்சினை நம்மில் பலருடைய கடையில் இன்றைக்கும் இருக்கிறது. பல வருடம் முன்னே நின்று உழைத்த மூத்தவர் ஒருவர். அவர் இடத்துக்குத் தகுதியோடு வந்து நிற்கும் இளையவர் ஒருவர். நாற்காலியோ ஒன்றுதான். என்ன செய்வது?

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஆட்டம் 48 நிமிடம். 12 நிமிடமாக நான்கு பகுதி. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கிரிக்கெட்டில் பதினொருவரில் இடம் கிடைக்காதவர் பெரும்பாலும் தண்ணீர் கொண்டுபோகும் வேலையோடு நின்றுவிடுவார். இங்கே அப்படியில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் பாதி ஆட்டத்துக்கு மேல் ஆடலாம். ஆனாலும் விளக்கெல்லாம் எரிய, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதலில் களத்தில் இறங்கும் ஐவர் என்றால் அது தனிக் கௌரவம். கல்லாவில் உட்காருவதற்கும் கிடங்கில் மூட்டை எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேலைதான். ஆனால் ஊர் பார்ப்பது கல்லாவைத்தான்.

758 ஆட்டம், ஒரு நாளும் பெஞ்சில்லை

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்ற குழு அப்போது கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஆடிக்கொண்டிருந்தது. 1975க்குப் பிறகு பட்டம் வெல்லாத குழு. 2013-14 பருவத்தில் 51 ஆட்டம் வென்றும், அடுத்த கட்டத்தின் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது. பயிற்சியாளரை மாற்றினார்கள். 2014 மே மாதத்தில் ஸ்டீவ் கெர் என்பவர் வந்தார். அதற்கு முன் அவர் எந்தக் குழுவுக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

அந்தக் குழுவில் ஆண்ட்ரே இகுவடாலா என்றொரு மூத்த ஆட்டக்காரர். அப்போது அவருக்கு வயது 30. 2004இல் பிலடெல்பியா குழுவில் தொடங்கி, டென்வர் வழியாக 2013இல் வாரியர்ஸுக்கு வந்தவர். 2012இல் நட்சத்திர ஆட்டக்காரர்கள் வரிசையில் இடம் பெற்றவர். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். நான்கு ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் அவருக்கு. இதையெல்லாம் விட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. அன்று வரை வழக்கமான பருவத்தில் அவர் ஆடியிருந்த 758 ஆட்டங்களிலும் அவர் தொடக்க ஐவரில் ஒருவர். ஒரே ஒரு நாள்கூடப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவரல்ல.

இன்னொரு பக்கம் ஹாரிசன் பார்ன்ஸ், வயது 22. இகுவடாலா வந்ததும் முன்வரிசையை இழந்து முந்திய பருவம் முழுக்கத் தடுமாறியவர். நூறு எறிந்தால் நாற்பதுதான் கூடையில் விழுந்தது. தன்னம்பிக்கை போய்விட்டது.

கெர் இருவரையும் இடம் மாற்றினார். பார்ன்ஸ் முன்னே, இகுவடாலா பெஞ்சுக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் வயதைக் காரணமாக வைக்கவில்லை என்பதுதான். அவருடைய கணக்கு இது: பார்ன்ஸ் பெஞ்சு வரிசையில் தானே எல்லாவற்றையும் உருவாக்க வேண்டியிருந்தது, அது அவருக்கு வரவில்லை. ஸ்டீபன் கரி, கிளே தாம்ப்சன் போன்ற நல்ல ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நின்றால் அவர் பிரகாசிப்பார். இகுவடாலாவோ யாரைக் கூட நிறுத்தினாலும் ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர். முன்வரிசை இளைப்பாறும்போது மாற்று வரிசையைக் கட்டி மேய்க்க அவரைப் போன்ற ஒருவர் வேண்டும். அதாவது தெரியாதவனைத் தெரிந்தவர்கள் நடுவில் வைத்தார். தெரிந்தவரைத் தெரியாதவர்களுக்குத் தலைமையாக வைத்தார்.

கணக்கு பொய்க்கவில்லை. பார்ன்ஸ் 82 ஆட்டமும் தொடக்கத்தில் இறங்கினார். நூறுக்கு நாற்பது என்பது நாற்பத்தெட்டாக உயர்ந்தது. இகுவடாலா 77 ஆட்டத்திலும் பெஞ்சிலிருந்தே வந்தார். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறக்குறைய 27 நிமிடம் ஆடினார். பார்ன்ஸ் ஆடியது சுமார் 28 நிமிடம். நாற்காலி மாறியதே தவிர, உழைப்பின் பங்கு மாறவில்லை. குழு 67 வெற்றி, 15 தோல்வி என்று பருவத்தை முடித்தது.

மூத்தவரைக் கூப்பிட்ட நாள்

2015 ஜூன் மாதம் இறுதித் தொடர். எதிரே கிளீவ்லாந்து கேவலியர்ஸ். அந்தக் குழுவில் லெப்ரான் ஜேம்ஸ். ஏழு ஆட்டத் தொடரில் வாரியர்ஸ் ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி நின்றது. நான்காவது ஆட்டமும் போனால் மீள்வது கடினம்.

நிக் யுரென் என்ற 28 வயது உதவியாளர் முந்தைய ஆண்டின் இறுதித் தொடர்ப் படக்காட்சிகளைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். ஏழடி உயரமுள்ள ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, இகுவடாலாவை முதலிலேயே இறக்கலாம். உயரம் போனாலும் வேகம் கிடைக்கும் என்றார். கெர் ஏற்றுக்கொண்டார். யோசனை யாருடையது என்பதைப் பிறகு வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். சின்னப் பையன் சொன்னான் என்று ஒதுக்கவுமில்லை. தன் யோசனை என்று பெருமை பேசவுமில்லை. இதையும் முதலாளிமார்கள் குறித்துக்கொள்வது நல்லது.

அன்றைய ஆட்டம் தொடங்கியதும் 7-0 என்று பின்தங்கினார்கள். பதறவில்லை. முடிவில் 103-82 என்று வென்றார்கள். இகுவடாலா எடுத்தது 22 புள்ளிகள். அடுத்த இரண்டு ஆட்டமும் வாரியர்ஸ் பக்கமே. ஆறாவது ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்தார். தொடர் முழுக்க ஜேம்ஸை எதிர்த்து நிற்கும் கடினமான வேலையும் அவருடையதாகத்தான் இருந்தது. 40 ஆண்டுக்குப் பிறகு பட்டம் வந்தது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த 11 பேரில் 7 பேர் இகுவடாலாவுக்கும் 4 பேர் ஜேம்ஸுக்கும் வாக்களித்தார்கள். அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூட முதலில் இறங்காத ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். அந்தக் குழுவில் குருத்தோலை சிரிக்கவில்லை. பழுத்த ஓலை உதிரவுமில்லை.

திரும்பி வராத நாற்காலி

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். அதே குழுவில், அதே பருவத்தில், டேவிட் லீ என்ற இன்னொரு மூத்தவர் இருந்தார். வயது 31. 2010இல் வந்தவர். 2013இல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். 16 ஆண்டுகளில் அந்தக் குழுவிலிருந்து அப்படித் தேர்வான முதல் ஆள். குழுவிலேயே அதிகச் சம்பளம் அவருக்குத்தான், அந்தப் பருவத்துக்குச் சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர்.

பருவத் தொடக்கத்தில் அவருக்குத் தொடைத் தசையில் காயம். அவர் இடத்தில் 24 வயது டிரேமண்ட் கிரீன் இறங்கினார். 2012இல் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 34 பேர் போன பிறகு 35ஆவதாக எடுக்கப்பட்டவர் அவர். குழு முதல் 23 ஆட்டங்களில் 21ஐ வென்றது. லீ குணமாகி வந்து பார்த்தபோது நாற்காலி அவருடையதாக இல்லை. கிரீன் பிற்பாடு, 2017இல், என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதே வாங்கினார். ஆகவே கெர் செய்த தேர்வைக் குறை சொல்ல இடமில்லை.

லீ என்ன செய்தார்? பல ஆட்டங்களில் களத்துக்கே போகாமல் உட்கார்ந்திருந்தார். இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் குழு தத்தளித்தபோது கூப்பிட்டார்கள். வந்தார், 11 புள்ளிகள் எடுத்தார். அன்று குழு தோற்றாலும் ஆட்டத்தின் போக்கு அவர் வந்த பிறகு மாறியது. பட்டம் வென்ற அடுத்த மாதமே அவரைப் பாஸ்டன் குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

இடத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு நாள் பெரிய இடம் கிடைக்கும் என்று நாம் எளிதாக உபதேசம் செய்கிறோம். இகுவடாலாவுக்குக் கிடைத்தது, லீக்குக் கிடைக்கவில்லை. இருவரும் உழைத்ததில் குறைவில்லை. ஆகவே மூத்தவரிடம் "பொறுத்துக்கொள், பின்னால் நல்லது நடக்கும்" என்று வாக்குக் கொடுப்பது சரியல்ல. கொடுக்க முடியாத சரக்குக்கு முன்பணம் வாங்குவது போன்றது அது. அவருக்குக் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு: மரியாதையும், உண்மையான காரணமும்.

நம் கடையில் நாம் செய்தது

ஊருக்கு உபதேசம் செய்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை எழுதும் நாமும் இந்த விஷயத்தில் தவறியவர்கள்தான்.

எங்கள் கடையில் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் தகப்பனார் காலத்திலேயே பொட்டலம் மடிக்க வந்து, எடை பார்த்து, சிட்டை எழுதி, கடைசியில் கல்லாவுக்கு வந்தவர். எந்தச் சில்லறைக் கடைக்காரர் சம்பளத் தேதிக்குப் பிறகு தருவார், யார் அறுவடை முடிந்து தருவார், யாருக்கு இனிமேல் கடன் நீட்டக் கூடாது என்பதெல்லாம் பேரேட்டைத் திறக்காமலே சொல்வார். வீட்டுப் பிள்ளை ஒருவன் படித்துவிட்டு வந்தான். கம்ப்யூட்டரில் பில், வரிக் கணக்கு, செல்போனில் பணம் என்று எல்லாம் மாறிவிட்ட காலம். பெரியவருக்கு அது வரவில்லை. மாற்ற வேண்டியதுதான். இன்றைக்குக் கேட்டாலும் மாற்ற வேண்டியதுதான் என்றே சொல்வோம்.

ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொல்லச் சங்கடப்பட்டோம். ஒரு திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் வந்தார். தான் உட்காரும் இடத்தில் பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நாம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சீட்டைப் பார்ப்பது போல் இருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நேரே கிடங்குக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறமும் நான்கு வருடம் எங்களோடுதான் இருந்தார். ஒரு நாள் தாமதமில்லை. ஒரு காசு குறைவில்லை. கேட்டால் பதில் சொல்வார். ஆனால் கேட்காமல் சொல்வதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் "தம்பி, இந்தத் துவரையில் ஈரம் இருக்கு, சீக்கிரம் தள்ளிவிடுங்க" என்பார். "அந்தக் கடைக்காரர் முகம் சரியில்லை, பாக்கியைக் கொஞ்சம் இறுக்குங்க" என்பார். அந்த வார்த்தைகள் நின்றுபோயின. சம்பளம் அதேதான் கொடுத்தோம். அதற்கு மேலாக அவர் இலவசமாகக் கொடுத்து வந்ததைத்தான் இழந்தோம். அதன் மதிப்பு, பையன் கடன் கொடுத்த இரண்டு இடத்தில் பணம் முடங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதில் ஒருவர் பெயரைச் சொன்னதும் பெரியவர் லேசாகச் சிரித்தார். "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்று கேட்டோம். "கேக்கலையே தம்பி" என்றார்.

அந்த இரண்டு வார்த்தை எங்களுக்கு இன்றும் காதில் இருக்கிறது.

வித்தியாசம் எங்கே?

ஓக்லாந்தில் நடந்ததற்கும் எங்கள் கடையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பல நாள் யோசித்துப் பார்த்தோம். நமக்குத் தோன்றியதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, கெர் பேசினார். முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. இகுவடாலாவிடம் காரணத்தைச் சொல்லி, என்ன எதிர்பார்க்கிறார் என்பதையும் சொன்னார். அந்த மூத்தவர் உடனே மகிழ்ந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. 758 ஆட்டத்தின் வழக்கத்தை யார் சிரித்துக்கொண்டு விடுவார்கள்? ஆனால் ஏற்றுக்கொண்டார். பிற்பாடு 2019இல் வெளியான தம் வாழ்க்கை நூலுக்கு ஆறாவது ஆள் என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து வருபவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

இரண்டாவது, புதிய இடத்தில் உண்மையான வேலை கொடுத்தார். மூலையில் உட்கார வைத்து மரியாதை செய்வது மரியாதையாகாது. மாற்று வரிசைக்கு அவர்தான் தலைவர் என்றார். 27 நிமிடம் ஆட வைத்தார். நம் கடையிலும் கல்லாவிலிருந்து எழுப்பப்பட்டவருக்குக் கொள்முதலின் தரம் பார்ப்பது, பாக்கி வசூல், புதுப் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது என்று பொறுப்புள்ள வேலை ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுக்க முடியும்.

மூன்றாவது, வரும்படி குறையவில்லை. அங்கே ஒப்பந்தம் இருக்கிறது, குறைக்கவும் முடியாது என்பது உண்மை. நம் கடைகளில் பெரும்பாலும் எழுத்தில் ஒன்றுமில்லை. அதனாலேயே நம் பொறுப்பு கூடுகிறது. "கோடிக்கணக்கில் வாங்குகிறவன் பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோடி வாங்குகிறவருக்கே இடம் போவது வலிக்கிறதென்றால், மாதச் சம்பளத்தை நம்பி முப்பது வருடம் நின்றவருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதுதான் அதற்கு மறுகேள்வி.

நான்காவது, கெர் தாமே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர். ஆட்டக்காரராக ஐந்து பட்டம் வென்ற குழுக்களில் இருந்தும், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டன் கொடுத்த பந்தை வாங்கி, வெற்றியைத் தந்த கூடையைப் போட்டவர் அவரே. பெஞ்சிலிருப்பவனுக்கும் ஒரு நேரம் வரும் என்பது அவர் பட்டறிந்த பாடம். நம்மில் எத்தனை பேர் மூட்டை தூக்கிய நாளை நினைத்துப் பார்க்கிறோம்?

இளையவர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தகுதி வந்த பிறகும் மூத்தவர் இருக்கிறாரே என்று இளையவனைக் காக்க வைப்பதும் அநியாயமே. பார்ன்ஸ் இன்னொரு வருடம் பெஞ்சில் இருந்திருந்தால் முழுக்க வாடியிருப்பார். கிரீனுக்கு வழி கிடைக்காதிருந்தால் குழுவுக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். பாசத்துக்காகக் கடையை நிறுத்தி வைக்க முடியாது. அதே சமயம், இளையவன் சம்பளம் குறைவு என்பதற்காக மட்டும் மூத்தவரை நகர்த்துவது கணக்குமல்ல, நியாயமுமல்ல. தராசின் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

இகுவடாலா அந்தக் குழுவோடு 2015, 2017, 2018, 2022 என்று நான்கு பட்டம் வென்று 2023இல் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்த பார்ன்ஸ் 2016இலேயே வேறு குழுவுக்குப் போய்விட்டார். உட்கார வைக்கப்பட்டவர் நிலைத்தார், உட்கார்ந்தவர் போய்விட்டார். நாற்காலிக்கும் ஆயுசுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வருகிற புதுக்கணக்கு நாளில் நம் அன்பர்கள் சிலர் கல்லாவில் புது ஆளை உட்கார வைக்க எண்ணியிருப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதற்கு முந்தின நாள் இரவு, கதவை இறக்கிய பிறகு, பெரியவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, விஷயத்தை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அன்று மிச்சம் பிடித்ததால் நாங்கள் இழந்ததை எந்தப் பேரேட்டிலும் எழுதி முடியாது.